போர்க்களம் புகுந்த நம் முன்னோரும் பெட்டியில் உறங்கும் பதக்கங்களும்

போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு, அக்கல்லில் அவன் பெயரையும் செயலையும் எழுதி வழிபட்டவர்கள் பண்டைத் தமிழர்கள். கல்லைத் தேர்ந்து காண்பது முதல் வாழ்த்துவது வரை, நடுகல் எடுப்பதன் ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட நடுகற்களில் தமிழி எழுத்துகள் உள்ளன. ஆநிரைப் போரில் இறந்த ஒருவனைப் பற்றி அவற்றுள் ஒன்று கூறுகின்றது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சிற்றூரில் மாண்ட மனிதனை இன்று நாம் அறிய முடிகின்றதென்றால், அவனைச் சேர்ந்தோர் அவனை எழுதி வைத்தனர் என்பதே அதற்குக் காரணம்.

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், இளைஞர்களின் முன் நாம் வைக்க விரும்பும் செய்தியும் இதனைச் சார்ந்ததே. நம் சேரிகளிலிருந்தும் போருக்குப் போனவர் பலர், மீளாதவரும் பலர். அவர்களுக்கு நடுகல் இல்லை. ஆயினும் அவர்களுள் பலருடைய பெயர் உலோகத்தில் எழுதப்பட்டு நம் வீடுகளுக்கே வந்து சேர்ந்தது. வந்ததை நாம் என்ன செய்தோம், இனி என்ன செய்ய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எண் எழுதிய கல்

தமிழகத்தின் சில ஊர்களில் பழைய பள்ளிக்கூடம், சாவடி, அலுவலகம் முதலியவற்றின் சுவர்களில் ஒரு சலவைக்கல் பலகை பதிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். முதல் உலகப் போருக்குப் பின்னர் ஆங்கில அரசு பதித்த பலகை அது. ‘இவ்வூரிலிருந்து பெரும் போருக்குச் சென்றோர் இத்தனை பேர், அவர்களுள் உயிர் நீத்தோர் இத்தனை பேர்’ என்பதே அதிலுள்ள வாசகத்தின் பொருள். 1914–1919 என்ற ஆண்டுகளும் இருக்கும். எண் உண்டு, பெயர் இல்லை.

அப்போரில் இந்தியாவிலிருந்து, போர்வீரரும் பணியாளருமாக, 13 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பணி புரிந்தனர். ஏறத்தாழ 74,000 பேர் மாண்டனர். புதுடில்லியில் 1931இல் திறக்கப்பட்ட இந்தியா கேட் என்னும் நினைவு வாயிலிற் பொறிக்கப்பட்டவை 13,000க்கும் மேற்பட்ட பெயர்களே. எஞ்சியோரின் பெயரைத் தேடிப் போவோர் வேறு இடங்களுக்கே செல்ல வேண்டும்.

கடப்பாரையும் துப்பாக்கியும்

பழைய சென்னை இராணுவத்தில் பறையர் குலத்தவர் பெருந்தொகையினராய் இருந்தனர் என்பதை இன்றைய இளைஞருட் பலர் அறியார். சிறப்பாக, 1780ஆம் ஆண்டில் இரண்டு கம்பெனிகளாகத் தொடங்கப்பெற்ற பயனியர் படை நம்மவர்க்கு உரிய இடமாயிற்று. அதிலிருந்து வளர்ந்ததே பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ‘மதராஸ் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ்’ என்னும் படை. இன்று அது மதராஸ் என்ஜினீயர் குரூப் என வழங்குகின்றது. அதன் வீரர்களுக்கு இன்றளவும் ‘தம்பி’ என்பதே செல்லப் பெயர்.

படைக்கு முன்னே சென்று பாலம் கட்டுவதும், பாதை அமைப்பதும், பதுங்குகுழி வெட்டுவதும், குடிநீருக்கு வழி செய்வதும் சாப்பர்களின் வேலை. வேலை நடக்கும்போதே குண்டு பாயும். கடப்பாரையை வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுக்க வேண்டும். பயனியர்களின் நிலையும் அதுவே. 61ஆவது பயனியர் படை 1914இல் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காப் போரில் ஈடுபட்டது. சாப்பர்கள் மெசபொட்டேமியாவுக்கு, அதாவது இன்றைய ஈராக் நாட்டுக்குச் சென்றனர். நம் வீட்டு முதியோர் ‘பாட்டனார் பஸ்ராவுக்குப் போனார்’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பஸ்ரா இதுவே. பெங்களூர் பிரிகேடு சாலையும் ரெசிடென்சி சாலையும் கூடுமிடத்தில் பயனியர் படைகளின் நினைவுத்தூண் ஒன்று நிற்கின்றது. அவ்வழியே செல்லும் இளைஞர்கள் ஒரு கணம் நின்று பார்க்க வேண்டுகின்றோம்.

இத்துணை உழைத்தவர்களுக்குக் கதவு திறந்தே இருந்ததா? இல்லை. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்கும், அதன்பின் 1893 வரை இந்தியப் படை முழுமைக்கும் தலைமை தாங்கிய ராபர்ட்ஸ் பிரபு, வடமேற்குப் பகுதியினரே ‘போர்க்குடிகள்’ என்ற கொள்கையைப் பிடித்து நின்றவர். அக்கொள்கை தென்னாட்டாரைப் படையிலிருந்து படிப்படியாக விலக்கியது. உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது அழைத்தனர். போர் முடிந்ததும் கலைத்தனர். பயனியர் படைகள் 1933ஆம் ஆண்டளவில் கலைக்கப்பட்டன. சாப்பர் படை ஒன்றே நிலைத்தது.

பெயரே சான்றாயிற்று

மராட்டிய நாட்டில் மகார் குல மக்களுக்கும் இதே கதி நேர்ந்தது. 1890களில் அவர்களைப் படையிற் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. ஆனால் அவர்கள் தம் முன்னோரின் பெயரை மறக்கவில்லை. புனே நகருக்கு அருகே, பீமா ஆற்றங்கரையிலுள்ள கோரேகானில், 1818ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் நடந்த போரின் நினைவாக ஆங்கிலேயர் எழுப்பிய தூண் உண்டு. அதிற் பொறித்த பெயர்களுள் 22 பெயர்கள் மகார் வீரருடையவை. ஓய்வு பெற்ற படைவீரரான கோபால் பாபா வலங்கர் 1894இல் விண்ணப்பம் வரைந்தார். சிவராம் சான்பா காம்ப்ளே 1910இல் விண்ணப்பித்தார். எங்கள் முன்னோர் உங்கள் படையில் உயிர் கொடுத்தனர், எங்களை ஏன் தள்ளினீர் என்பதே அவர்களின் வினா. 1927ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் அண்ணல் அம்பேத்கர் அத்தூணருகே சென்று நின்றார். 1941இல் மகார் ரெஜிமெண்டு அமைந்தது. வல்லரசு தன் வெற்றிக்காக எழுப்பிய தூணிலிருந்த பெயர்கள், உரிமை கேட்போர் கையிற் சான்றாக மாறிய வரலாறு இது.

இன்னொன்றும் கருதத்தக்கது. அண்ணலின் தந்தையார் இராம்சி சக்பால் படையிற் சுபேதார் நிலை எய்தியவர். இராணுவப் பள்ளியில் ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் விளங்கியவர். ஊர்ப் பள்ளிக்கூடம் வாசலிலேயே நம்மை நிறுத்திய காலத்தில், படைவீட்டுப் பள்ளி உள்ளே அமரச் செய்து எழுத்தறிவித்தது. படைவீரர் குடும்பம் ஒன்றிலிருந்தே நம் அறிவுச் சூரியன் உதித்தது. ஆதலின் கல்விச் சங்கத்தின் மலரில் படைவீரரைப் பற்றி எழுதுவது பொருத்தமே என்பது நம் கருத்து.

வீட்டுக்கு வந்த பொருள்கள்

முதல் உலகப் போரில் ஈடுபட்ட வீரர்க்கு வழங்கப்பெற்ற பதக்கங்களைச் சுருக்கமாகக் கூறுவோம். 1915ஆம் ஆண்டு முடிவதற்குள் போர்க்களத்தில் இறங்கியோர்க்கு வெண்கல நட்சத்திரம் கிடைத்தது. அதன் பின்புறத்தில் வீரரின் எண், பதவி, பெயர், படை ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். அடுத்தது பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். இது வெள்ளியால் ஆனது. கூலிப்படையிற் பணி புரிந்தோர் பலருக்கு இதே பதக்கம் வெண்கலத்தில் கொடுக்கப்பட்டது. ஒரே போரில், ஒரே மண்ணில், துப்பாக்கி தூக்கியவனுக்கு வெள்ளி, மூட்டை தூக்கியவனுக்கு வெண்கலம் என்ற பாகுபாட்டைக் காண்க. மூன்றாவது, வானவில் நிறப் பட்டை கோத்த வெற்றிப் பதக்கம். இவ்விரு வட்டப் பதக்கங்களின் விளிம்பைச் சுற்றிலும் பெயர் முதலிய விவரங்கள் மிகச் சிறிய ஆங்கில எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கும். ‘எஸ் அண்டு எம்’ என்றிருப்பின் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் என்று கொள்க.

மாண்ட வீரரின் குடும்பத்துக்கு இவற்றோடு ஒரு வெண்கலத் தட்டும் பாராட்டுச் சுருளும் அனுப்பப்பட்டன. தட்டின் குறுக்களவு 12 சென்டிமீட்டர். பிரிட்டானியா என்னும் பெண் உருவமும் சிங்கமும் அதில் உள்ளன. ‘விடுதலைக்காகவும் மானத்துக்காகவும் மாண்டார்’ என்னும் பொருளுடைய வாசகம் விளிம்பை ஒட்டிச் செல்கின்றது. ஒரு சிறு கட்டத்துக்குள் இறந்தவரின் பெயர் எழும்பி நிற்கும் எழுத்துகளில் உள்ளது. பதவியைக் குறிக்கவில்லை; உயிர்த் தியாகத்தில் உயர்வு தாழ்வு இல்லை என்பது அதற்குக் கூறிய காரணம். கிணற்றடியிலும் தேநீர்க் கடையிலும் நம் பெயருக்கு முன்னும் பின்னும் ஒட்டி வந்தவை எவையும் இன்றி, பெயரை மட்டும் தாங்கிய முதற்பொருள் பல வீடுகளுக்கு இத்தட்டாகவே இருந்திருக்கும்.

நம் பிழையும் ஒரு சிறுமியின் கேள்வியும்

ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு முன்னர், நாம் இளம் ஆசிரியராய் இருந்தபோது, நம் தெருப் பெரியவர் ஒருவர் வெள்ளிப் பதக்கம் ஒன்றைத் துணியிற் சுற்றிக்கொண்டு வந்தார். மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. “தம்பி, படிச்ச பிள்ளை நீ. இது என்ன விலை போகும்னு சொல்லு” என்றார். நாம் கையில் வாங்கி எடை பார்த்தோம். வெள்ளி என்ன விலை என்று சொன்னோம். கடைக்காரர் ஏமாற்றாமல் இருக்கக் கூடவே சென்றும் உதவினோம். நல்லது செய்தோம் என்றே அன்று மகிழ்ந்தோம். பதக்கம் உருக்கப்பட்டது. அதன் விளிம்பில் எழுத்திருந்தது என்பதையும், அதை நாம் படிக்கவில்லை என்பதையும் பல ஆண்டுகள் கழித்தே உணர்ந்தோம். வரலாற்றைப் பாடமாக நடத்திய நாம், கையில் வந்த வரலாற்றை எடை போட்டு அனுப்பினோம். அப்பெரியவரும் இன்று இல்லை. அப்பதக்கத்துக்கு உரியவர் யார் என்று சொல்ல அத்தெருவில் எவரும் இல்லை. வறுமையில் விற்றவர் மீது குற்றம் இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்தும் எழுதி வைக்காத நம் மீதே குற்றம்.

அண்மையில் நம் பள்ளியில் குடியரசு நாளையொட்டிப் பழம்பொருட் கண்காட்சி வைத்தோம். ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கறுத்த தட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். “எங்க ஆயா தண்ணிச் சொம்புக்கு மூடியா வெச்சிருந்தாங்க ஐயா. இதுல பொம்மை இருக்கு, என்னான்னு தெரியல” என்றாள். பார்த்த மாத்திரத்தில் நமக்கு உடல் சிலிர்த்தது. “கட்டத்துக்குள் இருப்பதைப் படி அம்மா” என்றோம். எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்து முடித்ததும், “இது எங்க தாத்தாவோட தாத்தா பேரு ஐயா” என்றாள். ஆண்டுதோறும் கருமாதி நாளில் வீட்டார் சொல்லும் பெயர் அது. எழுத்தில் அவள் கண்டது அன்றே.

மறுநாள் அவ்வீட்டுக்குச் சென்றோம். ஆயா தம் திருமணச் சேலையோடு வைத்திருந்த தகரப் பெட்டியைத் திறந்தார். வெண்கல நட்சத்திரம் ஒன்றும், பித்தளைப் பொத்தான்கள் இரண்டும், பீங்கான் பூசிய குவளை ஒன்றும் இருந்தன. சுருளைக் கரையான் தின்றுவிட்டது. வெள்ளிப் பதக்கம் பஞ்சக் காலத்தில் அடகுக்குப் போய் மீளவில்லை. நட்சத்திரத்தின் பின்புறத்தில் எண் தெளிவாக இருந்தது. அதைக் கொண்டு காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலிற் கணினி வழியே தேடினோம். பெயர் கிடைத்தது, தந்தை பெயர் கிடைத்தது, நம் ஊர்ப் பெயரும் ஆங்கிலத்திற் சிதைந்த வடிவில் கிடைத்தது. நினைவிடம் பஸ்ரா என்றிருந்தது. கேட்டுக்கொண்டிருந்த ஆயா, “அங்க வெயில் இங்க மாதிரிதானா ஐயா?” என்று மட்டும் வினவினார். அவ்வீரரின் பெயரை ஈண்டு நாம் அச்சிடவில்லை. அதனை எழுதும் உரிமையும் கடமையும் அச்சிறுமிக்கே உரியவை. அவள் எழுதிக்கொண்டிருக்கின்றாள்.

பஸ்ராவின் கல்லும் நம் பெட்டியும்

பஸ்ரா நினைவிடம் 40,000க்கும் மேற்பட்டோரை நினைவுகூர எழுப்பப்பட்டது. ஆங்கிலேயரின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் அதிற் பொறிக்கப்பட்டன. ஆனால் இந்தியச் சிப்பாய்களைப் படைவாரியாக எண்ணிக்கையில் மட்டுமே குறித்தனர். இறந்தோர் அனைவரும் சமம் என்னும் கொள்கையோடு 1917இல் தொடங்கிய அமைப்பு செய்த வேலை இது. அவ்வாணையமே 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையிற் பிழையை ஒப்புக்கொண்டது. இந்தியரும் ஆப்பிரிக்கருமாக 45,000 முதல் 54,000 பேர் வரை சமமின்றி நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் சொல்லியோ அல்லது அறவேயோ நினைவுகூரப்படவில்லை என்றும் அவ்வறிக்கை கூறி வருத்தம் தெரிவித்தது.

அதே 2021ஆம் ஆண்டில், இலாகூர் அருங்காட்சியகத்திற் கிடந்த பஞ்சாப் வீரர் பதிவேடுகள் வெளிச்சத்துக்கு வந்தன. ஏறத்தாழ 3,20,000 வீரரின் விவரங்கள் அவற்றில் இருந்தன. பல தலைமுறையினர் தம் ஊரையும் பாட்டனாரையும் அவற்றிற் கண்டுகொண்டனர். நம்மவர்க்கு நம் வீட்டுத் தகரப் பெட்டிகளே முதற்பதிவேடு.

பெயர் அறியப்பட்டால் என்ன நிகழும் என்பதற்குச் சுபேதார் சுப்பிரமணியம் சான்று. அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்த அவர், மதராஸ் சாப்பர் படையினர். 1944ஆம் ஆண்டு இத்தாலியின் மிஞ்ஞானோ அருகே, வெடிக்க இருந்த கண்ணிவெடியின் மீது தம் உடலைக் கிடத்தித் தோழர்களைக் காத்து உயிர் துறந்தார். ஜார்ஜ் சிலுவை என்னும் உயர்விருது அவருக்குக் கிடைத்தது. அவர் பெயர் நூல்களில் நிலைத்துவிட்டது. அவரோடு பாலம் கட்டியோர், பாதை அமைத்தோர் எத்தனை பேர்? அவர்களை அவர்தம் வீட்டார் எழுதினாலன்றி வேறு யார் எழுதுவார்?

யாருக்காகப் போரிட்டனர்?

‘வெள்ளைக்காரனுக்காகச் செத்தவர்களை நாம் ஏன் கொண்டாட வேண்டும்?’ என்று இளைஞர் சிலர் கேட்பர். நேர்மையான கேள்வி. பசிக்காகப் போனவர் உண்டு. பண்ணையாரின் பிடியிலிருந்து தப்பப் போனவர் உண்டு. காக்கிச் சட்டை அணிந்தால் தெருவில் நிமிர்ந்து நடக்கலாம் என்று போனவரும் உண்டு. ஊர்ப் பொதுக்கிணற்றில் நீர் மொள்ள முடியாத மனிதர், அயல்நாட்டு ஆற்றில் பாலம் கட்டி மாண்டார். ‘விடுதலைக்காக மாண்டார்’ என்று தட்டில் எழுதி அனுப்பினர். அத்தட்டு வந்திறங்கிய சேரிக்கு விடுதலை வரவில்லை. இம்முரணையும் சேர்த்தே எழுத வேண்டும். போரைப் புகழ்வதற்காகவோ வல்லரசை வாழ்த்துவதற்காகவோ நாம் இதைக் கூறவில்லை. நம் முன்னோர் எங்கே சென்றனர், என்ன செய்தனர், என்ன பெற்றனர், எதைப் பெறவில்லை என்பது நம் வரலாறு. பதக்கம் அதன் ஆவணம்.

செய்ய வேண்டுவன

இளைஞர்களே, இவ்வேலைக்குப் பெரும்பொருள் வேண்டா. முதலாவது, வீட்டில் உள்ள பதக்கம், பொத்தான், கடிதம், ஓய்வூதியத் தாள், நிழற்படம் எதையும் விற்காதீர், எறியாதீர். விற்றே தீர வேண்டிய நெருக்கடி வந்தால், அதற்கு முன் விளிம்பிலும் பின்புறத்திலும் உள்ள எழுத்தை ஒன்றுவிடாமல் படி எடுத்து, இருபுறமும் படம் பிடித்து வையுங்கள்.

இரண்டாவது, புளியும் சாம்பலும் இட்டுத் துலக்காதீர். போகிதோறும் துலக்கித் துலக்கியே பல பதக்கங்களின் விளிம்பெழுத்துத் தேய்ந்துவிட்டது. கறுத்திருப்பதில் குற்றம் இல்லை. உலர்ந்த பருத்தித் துணியால் தூசி துடைத்து, தனித்தனியே துணியிற் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். தாள்களை மடிக்காமல், கரையான் அணுகாமல் காப்பாற்றுங்கள்.

மூன்றாவது, உயிரோடிருக்கும் முதியோரை இன்றே கேளுங்கள். பெயர், எந்த ஆண்டில் சென்றார், எங்கே சென்றார், யார் செய்தி கொண்டுவந்தார், விதவையாகிய பாட்டி எவ்வாறு பிள்ளைகளை வளர்த்தார் என்பனவற்றைக் கேட்டு, சொன்னவர் பெயரும் நாளும் இட்டு எழுதுங்கள். இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்கள் பெரும்பாலும் பெயர் பொறிக்கப்படாதவை. உரியவர் இன்னார் என்று சொல்ல வீட்டார் இல்லையேல் அவை வெறும் உலோகமே. ஆதலின் அவற்றுக்கு வாய்மொழிச் சான்று இன்னும் இன்றியமையாதது.

நான்காவது, கிடைத்த எண்ணையும் பெயரையும் கொண்டு கல்லறை ஆணையத்தின் பட்டியலில் தேடுங்கள், கட்டணம் இல்லை. ஆங்கிலேயர் நம் பெயர்களை எழுதிய விதம் பலவாதலின் பல எழுத்துக்கூட்டல்களில் தேட வேண்டும். சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் நாடலாம்.

நம் சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. படிப்பகத்தில் ஒரு பெரிய குறிப்பேட்டைத் திறந்து, நம் ஊர்களிலிருந்து போருக்குச் சென்றோர் பெயரை எழுதத் தொடங்குவோம். பொருள்கள் அவரவர் வீட்டிலேயே இருக்கட்டும். பெயர்களும் படங்களும் சங்கத்தில் இருக்கட்டும். முதற்பக்கத்தை அச்சிறுமி எழுதட்டும். இரண்டாம் பக்கத்தில், உருக்கப்பட்ட வெள்ளிப் பதக்கம் ஒன்றுக்கு உரிய, நம் தெருவைச் சேர்ந்த வீரர் ஒருவர் என்று நாமே எழுதி, பெயருக்கு இடம் விட்டு வைப்போம். அவ்விடத்தை நிரப்பக்கூடிய முதியவர் எவரேனும் இம்மலரைப் படிக்கக் கேட்டால், அன்புகூர்ந்து தெரிவிக்க வேண்டுகின்றோம்.